'ஒன்னுமில்ல, விடு'

காது டெஸ்டுக்கு என்னிடம் வரும் ஆண்களில் நிறையப் பேர் தாமாக வருவதில்லை. மனைவியோ மகளோ இழுத்துக்கொண்டு வருவார்கள். முதலில் பேசுவதும் அவர்கள்தான். "நான் பாட்டுக்குப் பேசிக்கினே கீறேன் மேடம், இவரு கம்முனு குந்திக்கினு கீறாரு. திமிரு." ராயபுரத்தில் ஆடியாலஜிஸ்டாக உட்கார்ந்துகொண்டு இந்தத் 'திமிரு' காதில் விழாத வாரமே இல்லை.

போன வருடம் ஒருவர் மனைவியோடு வந்தார் (அடையாளங்களை மாற்றித்தான் சொல்கிறேன்). காசிமேட்டில் விசைப்படகு டிரைவராக முப்பது வருடம். டீசல் இன்ஜினுக்குப் பக்கத்திலேயே சோறு, அங்கேயே தூக்கம். 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் காது தாங்கும் என்பது பொதுவான கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். கடலுக்குள் போன பிறகு யார் கடிகாரம் பார்க்கிறார்கள்? உட்காதில் ஒலியை உணரும் மயிரிழைச் செல்கள் சுமார் 15,000 இருக்கின்றன. அவை போனால் போனதுதான், மறுபடி முளைக்காது. அவருடைய ஆடியோகிராமில் (எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம்) 4000 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகளின் இடத்தில், கோடு பள்ளத்தில் இறங்கியிருந்தது. சத்தத்தில் அடிபட்ட காதுகளில் வழக்கமாகப் பார்க்கிற பள்ளம்.

அந்த இடம் கெட்டால் நடப்பது வேடிக்கையானது. அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகளுக்குத் தாழ்ந்த அதிர்வெண்ணிலேயே பலம் இருப்பதால் அவை கேட்டுவிடும். க, ச, த, ப போன்றவற்றின் மெய்யொலிகள் சத்தம் குறைந்தவை, அவை நழுவிவிடும். கடை, சடை, தடை, படை எல்லாமே வெறும் 'அடை'தான். குரல் கேட்கும், சொல் விளங்காது. எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துச் சமாளித்துவிடுவார். அடுப்படியிலிருந்து சொன்னால் கோட்டைவிடுவார். வீட்டில் இதற்குப் பெயர் "அவருக்கு வேணுங்கறது மட்டும் கேக்கும்."

சரி, சத்தமாகச் சொன்னால்? கத்தும்போது பெருகுவது உயிரொலிதான், தெளிவு அல்ல. தவிர, கெட்ட காதுக்கு மெல்லிய ஒலி கேட்காது, கொஞ்சம் ஏற்றினால் சட்டென்று காதைக் குடையும். அதனால்தான் "ஆங்? இன்னா?" என்றவரே அடுத்த நொடி "ஏன் கத்துற, தெருவே கேக்குது" என்கிறார். அவர் குணத்தில் கோளாறு இல்லை, காதின் வேலையே இப்போது அப்படித்தான். ஆனால் கத்துகிற முகம் கோப முகமாகத் தெரிகிறது. அவர் ஒதுங்குகிறார். அவர் ஒதுங்குவதால் அந்த அம்மா இன்னும் கத்துகிறார். யார் ஆரம்பித்தது என்று கேட்டால் ஒவ்வொருவரும் மற்றவரைக் கைகாட்டுவார்கள்.

என் அறையிலேயே இது நடந்தது. அந்த அம்மா ஏதோ சொன்னார், அவர் "ஆங்?" என்றார், இரண்டாவது தடவை, மூன்றாவது தடவை. கடைசியில், "ஒன்னுமில்ல, விடு."

என்ன சொல்ல வந்தீர்கள் என்று நான் கேட்டேன். ஜன்னலைக் காட்டினார். "காக்கா ஒன்னு குந்திக்கினு ஃபேனையே பாத்துக்கினு இருந்துச்சு மேடம். அதைத்தான் சொல்ல வந்தேன். அதுக்குப் போயி மூணு தபா கத்தணுமா?"

மலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் 1923-இல் வெளியான ஒரு கட்டுரையில், சேதி எதுவும் இல்லாத பேச்சைப் பற்றி எழுதினார். நலம் விசாரிப்பது, மழை வெயில் பேசுவது எல்லாம் தகவல் சொல்ல அல்ல, ஆளோடு ஆளைச் சேர்த்துவைக்க என்றார். நம் தெருவில் "சாப்ட்டியா?" என்று கேட்கிறவருக்கு நம் வயிற்றுக் கணக்கு எதற்கு? கேட்கும் திறன் குறையும்போது முதலில் காணாமல் போவது இந்தப் பேச்சுதான். கரண்ட் பில் கட்டியாச்சா என்பதை மூன்று தடவை கத்தியாவது சொல்லிவிடுவார்கள். காக்காயை விட்டுவிடுவார்கள். அப்புறம் சில வருடங்களில் அந்த வீட்டில் பில், மாத்திரை, சாவி இவ்வளவுதான் பேச்சு. இப்படிப் பேச்சு வற்றிப்போன பிறகுதான் பலரும் என்னிடம் வருகிறார்கள் என்பது என் வருத்தம்.

அழுக்கு அடைத்திருந்தாலும் காது மந்தமாகும், அதனால் முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். நம் பக்கத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. ஒரே நாளில் திடீரென்று காது கேட்காமல் போனால் தள்ளிப்போடவே கூடாது, அன்றே போக வேண்டும்.

காது மெஷின் மாட்டியதும் எல்லாம் சரியாகிவிடாது. முதல் சில வாரங்கள் ஃபேனும் ஆட்டோவும் சேர்ந்தே இரையும், மூளை பழக வேண்டும். அந்த அம்மாவிடம் நான் சொன்னது வேறு. முன்னால் வந்து, தோளைத் தொட்டு, பேச ஆரம்பியுங்கள். 'கடைக்கு' விளங்காவிட்டால் அதையே கத்தாமல் 'மளிகை வாங்க' என்று மாற்றிச் சொல்லுங்கள். "ஒன்னுமில்ல, விடு" மட்டும் வேண்டாம்.

போன மாதம் அவர் பேட்டரி வாங்கத் தனியாக வந்தார். வீட்டில் எப்படி என்று கேட்டேன்.

"நேத்து சங்கரா மீனு கிலோ இன்னா வெலைக்குப் போச்சுன்னு ஒரே கதை. அந்த ஏலத்துல நின்னவனே நாந்தான். எனக்குத் தெரியாதா?" பேட்டரி அட்டையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "கேட்டுக்கினேன்."