மனச்சான்றா, மனசாட்சியா?

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கசிப்பு (கள்ளச்சாராய) ஒழிப்புக் கூட்டம். "உமக்குள் நன்மையும் தீமையும் போராடும்போது மனச்சான்றை நாடுக" என்று மொழிபெயர்த்த துண்டுப்பிரசுரம் ஒன்றை ஒருவர் வாசித்தார். முன்னால் இருந்த வயதான அம்மா கேட்டார்: "அந்தச் சான்ற யாருக்கிட்ட எடுக்கணும் தம்பி, ஜி.எஸ். ஐயாக்கிட்டயா?" ஜி.எஸ். என்றால் கிராம சேவகர், சான்றிதழ் தரும் அரசு அலுவலர். மனசாட்சிக்குப் பதிலாகப் போடும் இந்த 'மனச்சான்று' என்ற சொல்லை இதோடு மூன்று கூட்டங்களில் கேட்டுவிட்டேன்.

மனசாட்சி வடசொல். 'அக்ஷி' என்றால் கண்; கண்ணால் கண்டவர் சாட்சி. மனமே கண்ட சாட்சி மனசாட்சி. அவ்வளவுதான்.

'சான்று' நல்ல தமிழ், மறுக்கவில்லை. 'சால்' என்பது வேர். 'சான்றோர்' வந்ததும் அதிலிருந்துதான். பழைய தமிழில் சாட்சி என்ற பொருளும் அதற்கு உண்டு. ஆனால் மலையகத்துக் காதுக்குச் சான்று என்றால் தாள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தகப்பன், பாட்டன் பிறப்புக்கு அத்தாட்சி கேட்டது. அது கையில் இல்லாத இந்திய வம்சாவளித் தோட்டத்து மக்கள் லட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆனார்கள். 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்தது. சான்று என்பது இன்னொருவர் தர வேண்டியது, தராமலும் விடக்கூடியது என்று இந்தச் சனம் பட்டுத் தெரிந்துகொண்டது. மனசாட்சியை யார் தருவது, யார் பறிப்பது?

சரி, 'கரி' என்கிறார்கள் சிலர். "இந்திரனே சாலுங் கரி" என்று ஐம்புலன் அடக்கத்தைப் பேசும் குறளில் சாட்சிக்கு அந்தச் சொல்தான் இருக்கிறது. ஆனால் இன்று 'மனக்கரி' என்றால் மனசில் அழுக்கு என்றுதானே படும்? பொருள் தலைகீழாகிவிடும். 'சாட்சி'யை அப்படியே தமிழாக்கினால் 'கண்காணி' வரும். தோட்டத் தொழிலாளரை வேலை வாங்கிய கங்காணி ஆண்ட மண்ணில் அதைச் சொல்லவே கூடாது.

மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியோடு நின்றுவிடுகிறார்கள், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குள் ஒரு நாள்கூட வருவதில்லை. வந்திருந்தால் "நெஞ்சத் தொட்டுச் சொல்லு" என்பது காதில் விழுந்திருக்கும். தூய தமிழ்தான் வேண்டுமென்றால் 'நெஞ்சு' இருக்கிறதே! "தன்நெஞ் சறிவது பொய்யற்க" என்ற வள்ளுவர் வேறு சொல் தேடவில்லை. வடசொல் பரவாயில்லை என்றால் மனசாட்சியே இருக்கட்டும், அது எல்லோருக்கும் விளங்கும்.

கூட்டம் முடிந்ததும் அந்தப் பிரசுரத்தின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்: "போத்தலுக்குக் கை நீளும்போது உங்க நெஞ்சைக் கேளுங்க." அந்த அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார்.