ஹெப்சிடின்: இரும்பின் வாசலைச் சாத்தும் 25 கண்ணிகள்

உடம்பில் உப்பு மிஞ்சினால் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். இரும்புக்கு அப்படி ஒரு வழி கிடையாது. தோலும் குடற்செல்களும் உதிர்வதில் நாளொன்றுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் போகும், ரத்தம் சிந்தினால் இன்னும் கொஞ்சம் போகும், அவ்வளவுதான். அதனால் இரும்பை உள்ளே விடும்போதே அளந்து விட வேண்டியிருக்கிறது. அந்த அளவைக் கவனிப்பது கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன். இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள். இதில் வெறும் 25, சங்கிலியின் கண்ணிகளைப் போலக் கோத்தவை.

செல்லுக்குள் இருக்கும் இரும்பு ரத்தத்துக்கு வர, நமக்குத் தெரிந்து ஒரே வாசல்தான் உண்டு. ஃபெரோபோர்ட்டின் என்ற புரதம் அது. சிறுகுடலின் செல்களிலும், கிழடான சிவப்பணுக்களை விழுங்கி இரும்பை மீட்கும் மண்ணீரல் செல்களிலும் அது நிறைய இருக்கிறது. ஹெப்சிடின் வந்து ஒட்டியதும் வாசல் அடைபடுகிறது. அதோடு நிற்பதில்லை: செல் அந்தக் கதவையே நிலையோடு பெயர்த்து உள்ளே இழுத்துச் சிதைத்துவிடுகிறது. 2004-இல் எலிசபெட்டா நெமெத்தும் தோமஸ் கான்ஸும் சேர்ந்த குழு இதைக் காட்டியது. முதலில் ஹெப்சிடினைக் கண்டுபிடித்தவர்களோ கிருமிகொல்லிப் புரதங்களைத் தேடிப் போனவர்கள். கல்லீரல், கொல்லி என்ற இரண்டு பொருளும் சேர்ந்துதான் ஹெப்சிடின் என்ற பெயரே வந்தது.

தொற்று வந்தால் இன்டர்லியூகின்-6 என்ற அழற்சிச் சமிக்ஞைப் புரதம் ஏறும், அதைப் பார்த்துக் கல்லீரல் ஹெப்சிடினைக் கூட்டும், ரத்தத்தில் இரும்பு குறையும். கிருமிக்கு இரும்பு கிடைக்காது. நாள்பட்ட அழற்சியில் இதுவே வினையாகிறது. கிடங்கில் இரும்பு இருந்தும் எலும்பு மஜ்ஜைக்கு வந்து சேராமல் ரத்தசோகை உண்டாகிறது.

சரி, இதை ஆராய வேண்டுமென்றால் கையில் ஹெப்சிடின் வேண்டுமே. மனித மரபணுத் துண்டை ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் வைத்து அதையே செய்ய வைக்கலாம். இதுதான் மரபணு மறுசேர்க்கை முறை. 25 கண்ணிதானே, சுலபம் என்று தோன்றும். ஆனால் அதில் 8 கண்ணிகள் சிஸ்டீன் என்ற, கந்தகமுள்ள அமினோ அமிலம். அவை இரண்டிரண்டாகக் கந்தகத்தால் பிணைந்து நான்கு முடிச்சுகள் போட வேண்டும். எட்டுப் பேரை நான்கு ஜோடியாகப் பிரிக்க 105 வழிகள் உண்டு; இயற்கை போடுவது அதில் ஒன்றைத்தான். பாக்டீரியாவுக்கு அந்தக் கணக்கு தெரியாது. பெரும்பாலும் புரதம் கட்டிகட்டியாகச் செல்லுக்குள் தேங்கிவிடும். அந்தக் கட்டியைக் கரைத்து, முடிச்சுகளை எல்லாம் அவிழ்த்து, அப்புறம் கந்தக முடிச்சுகள் அவிழ்ந்து விழ உதவும் குளூட்டாதயோன் கலந்த கரைசலில் நிதானமாக மறுபடி மடிய விடுவார்கள்.

மடிந்துவிட்டதா என்று, மூலக்கூறின் எடையை அளக்கும் நிறை நிறமாலைமானி சொல்லும். முடிச்சில்லாத சங்கிலியின் நிறை சுமார் 2,797 டால்டன் (மூலக்கூறுகளை எடைபோடும் அலகு); நான்கு முடிச்சும் விழுந்தால் எட்டு ஹைட்ரஜன் கழன்று 2,789 ஆகும். ஆனால் 105 விதத்துக்கும் நிறை இதேதான்! எந்த ஜோடி எதோடு சேர்ந்தது என்பதை எடை காட்டிக்கொடுக்காது. உண்மையான ஜோடிகளைப் பற்றி முதலில் சொன்ன கணிப்பே 2009-இல் திருத்தப்பட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு நுட்பம் என்னை மிகவும் கவர்ந்தது. புரதத்தைப் பிரித்தெடுக்க வசதியாக அதன் முனையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தின் தொடர் ஒன்றை ஒட்டுவது ஆய்வகங்களின் வழக்கம். ஹெப்சிடினுக்கோ முன்முனைதான் உயிர். முதல் ஐந்து அமினோ அமிலங்கள் இல்லாவிட்டால் ஃபெரோபோர்ட்டினை அதனால் அசைக்க முடியாது. ஆகவே அங்கே ஒட்டியதை, ஒரு கண்ணிகூட மிச்சம் வைக்காமல் நொதியால் வெட்டியெடுக்க வேண்டும். ஒட்டு அப்படியே இருக்கும் ஹெப்சிடின், ஆன்டிபாடிகளைச் சோதிக்கப் பயன்படலாம். வாசலைச் சாத்துகிறதா என்ற சோதனைக்கு அதை நம்பக் கூடாது. தவிர, ஹெப்சிடின் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும் குணமுள்ளது. குழாயில் போட்ட அளவு முழுதும் கரைசலில் இருக்கிறது என்று எண்ணி அளந்தால் கணக்கு பிசகும்.

கடைசித் தீர்ப்பு செல்லிடம்தான். பச்சையாக ஒளிரும் புரதத்தை ஃபெரோபோர்ட்டினோடு இணைத்து, வளர்ப்புச் செல்களில் வைக்கிறார்கள். நுண்ணோக்கியில் ஒவ்வொரு செல்லின் விளிம்பும் பச்சை வளையமாகத் தெரியும். சரியாக மடிந்த ஹெப்சிடினை விட்டால், சில மணி நேரத்தில் வளையம் உடைந்து, பச்சை புள்ளிபுள்ளியாகச் செல்லுக்குள் போய் மங்கும். முன் ஐந்து கண்ணிகள் இல்லாத 20 கண்ணி ஹெப்சிடினை விட்டால், வளையம் இருந்த இடத்திலேயே இருக்கும்.