ரகம்: எண்ணிலிருந்து வந்த சொல்

கொங்குப் பக்கம் மாட்டுத் தீவனத்துக்குச் சோளத்தட்டு விலை பேச வருகிறவரைக் கவனித்திருக்கிறீர்களா? போரிலிருந்து ஒரு தட்டை உருவுவார். ஒடித்துப் பார்ப்பார். அடிக்கணுவில் தோகையை உரித்துவிட்டு ஒரு கடி கடித்து மெல்லுவார். தித்திக்கிறதா, தண்டு சன்னமா, தோகை உதிராமல் நிற்கிறதா என்று எல்லாம் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார்: "என்ன ரகமுங்க?"

அந்த 'ரகம்' தமிழ்ச் சொல் இல்லை. அரபியில் 'ரகம்' என்றால் எண். எழுதுவது, குறியிடுவது என்பது அதன் வேர்ப்பொருள். உருதுவுக்கு வந்தபோது பணத்தொகை, பதிவு, அப்புறம் தினுசு என்று பொருள் விரிந்தது. வசூல், ஜமாபந்தி, பசலி எல்லாம் நம்மிடம் வந்த வழியில்தான் இதுவும் வந்தது. வருவாய்க் கணக்கின் ஆண்டைக் குறிக்கும் பசலிக்கு மூலம் 'ஃபஸ்ல்', அதாவது பருவம், அறுவடை. கணக்கெழுதும் இடத்தில் பிறந்த இந்தச் சொல் இன்று துணிக்கடையிலும் புழங்குகிறது, ஆளைப் பற்றி "அவர் ஒரு ரகம்" என்று சொல்லவும் உதவுகிறது.

சிலர் 'இரகம்' என்று எழுதுகிறார்கள். ரகரம் தமிழில் மொழிமுதல் வராது என்பதால் முன்னால் ஓர் இகரம். இலக்கணத்துக்கு அது சரி. ஆனால் இகரம் சேர்த்ததாலேயே சொல் தமிழாகிவிடாது.

வேடிக்கை என்னவென்றால், வேளாண்மையில் இந்தச் சொல் தன் பழைய பொருளுக்கே திரும்பிவிட்டது. 'கோ எஃப்.எஸ். 29' என்ற தீவனச் சோளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'கோ' கோயம்புத்தூர். 'எஃப்.எஸ்.' தீவனச் சோளத்தின் ஆங்கில முதலெழுத்துகள். 29 என்பது வரிசை எண். கம்பு நேப்பியரைக் "கோ நாலு", "கோ அஞ்சு" என்றுதான் ஊரில் கேட்டு வாங்குகிறார்கள். கம்பையும் நேப்பியரையும் ஒட்டிப் பிறந்த அந்தப் புல் விதை பிடிக்காது. அதனால் நட்டு வளர்க்கும் தண்டுத் துண்டான கரணைதான் தோட்டம் விட்டுத் தோட்டம் போகிறது, கூடவே எண்ணும் போகிறது.

எண் வைத்தவர் யார் என்பது பதிவேட்டில் இருக்கும். அதற்கு முன்னால் பொறுக்கி எடுத்தவர் யார் என்பது இருக்காது. மகாராஷ்டிரத்தில் சோலாப்பூர்ப் பக்கம் உழவர்கள் வழிவழியாக விதைத்த மால்தாண்டிச் சோளத்திலிருந்து, மோகோல் ஆராய்ச்சி நிலையத்தில் 1930களில் ஒரு கால்வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். எம் 35-1 என்று பெயரிட்டார்கள். 1964இல் சி.எஸ்.எச். 1 என்ற ஒட்டுச் சோளம் வந்தது. குட்டைப் பயிர், தானியம் கூடுதல். பின்னாலும் எத்தனையோ ஒட்டு ரகங்கள் வந்தன. ஆனாலும் தக்காணத்தின் ரபிப் பருவத்தில், அதாவது மழைக்காலம் ஓய்ந்து விதைக்கும் பருவத்தில், மால்தாண்டியை அவற்றால் அசைக்க முடியவில்லை. ரொட்டி தட்ட வெள்ளை மணி, மாட்டுக்கு நல்ல தட்டு, இரண்டும் ஒரே செடியில் கிடைக்கும்போது யார் விடுவார்கள்? தானியத்தை மட்டும் எடைபோட்ட ஆய்வாளர்களுக்கு இது புரியக் கொஞ்ச காலம் ஆனது.

பிறகு புரிந்தது. ஐதராபாத்தின் தட்டுச் சந்தையை ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். மாட்டு வயிற்றில் செரிக்கும் அளவு சில சதவீதப் புள்ளிகள் கூடினாலே தட்டின் விலையும் ஏறியது. ஆய்வகம் கருவி வைத்துக் கண்டதை வியாபாரி கண்ணாலேயே கண்டிருந்தார். மேற்கு ராஜஸ்தானில் இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் கம்பு உழவர்களையே செடிகளைத் தேர்ந்து காட்டச் சொன்னது. வறண்ட ஊர்க்காரர்கள் பெரிய கதிருக்குப் போகவில்லை. தூர் நிறையக் கட்டி, தண்டு சன்னமாக, மாடு மிச்சம் வைக்காமல் தின்னும் செடியைக் காட்டினார்கள்.

இப்படிப் பொறுக்கிப் பிரிக்கும் வேலையைச் சுட்டப் பொருத்தமான வேர் தமிழில் இருக்கிறது: வகு. பிரி, கூறுபோடு என்பது பொருள். வகுப்பு, வகிடு, வகை எல்லாம் அதன் பிள்ளைகள். "வகையறச் சூழாது எழுதல்" என்ற குறளில் வகை என்பது வழிமுறை. அதே குறளில் பகைவரைப் பாத்தியில் நட்டு வளர்ப்பதாக உவமை வருவது தற்செயல்தான், ஆனாலும் ரசிக்கலாம். ரகம் எண்ணிடுகிறது, வகை பிரித்தெடுக்கிறது. பயிரில் உழவரும் ஆய்வாளரும் செய்வது இந்த இரண்டாவது வேலை.

ஆனால் ரகத்தை அடித்துவிட்டு அங்கங்கே வகை என்று எழுதினால் முடிந்தது என்று நினைத்துவிட வேண்டாம். புல்வகைத் தீவனம், பயறுவகைத் தீவனம் என்று பெரிய பிரிவுக்கே 'வகை' போய்விட்டது. அதற்குப் பதில் 'இனம்' என்று எழுதினால் சோளத்துக்கும் கம்புக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்ல வேறு சொல் தேட வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம், உழவர்கள் தங்கள் வயலில் வழிவழியாகப் பயிரிட்டு உருவாக்கியதை 'உழவர் ரகம்' என்று தனியாக ஏற்கிறது. அதை 'உழவர் வகை' என்று எழுதிப் பாருங்கள், சிறு உழவர், பெரு உழவர் என்று உழவர்களையே வகைபிரிப்பதுபோல் இருக்கும். எனவே எழுத்தில் 'பயிர்வகை' என்று சேர்த்து எழுதுவதே என் தேர்வு: உழவர் பயிர்வகை, தீவனப் பயிர்வகை, ஒட்டுப் பயிர்வகை.

பேச்சில் அதுகூடத் தேவைப்படாது. மஞ்சச்சோளம், செஞ்சோளம், இருங்குச்சோளம் என்று பேர் சொல்லியே விதை கைமாறிய காலத்தில் கேள்வி இன்னும் சுருக்கம். "என்ன சோளமுங்க?"