சுவாத்தியாயத்துக்கு ஏன் ‘தன்னாய்வு’?

யோகா வகுப்பு ஒன்றில் கொடுத்த தாளில் மறுபடியும் அதே வரி: ‘சுவாத்தியாயம் – தன்னாய்வு’. அதன் கீழே, தினமும் பத்து நிமிடம் உங்கள் எண்ணங்களைக் கவனித்து எழுதுங்கள் என்று ஒரு பயிற்சி. இந்த வருடத்தில் நான்காவது முறையாக இதைப் பார்க்கிறேன். இனியும் சும்மா இருக்க முடியவில்லை.

ஸ்வ என்றால் தனது. அத்தியாயம் என்றால் ஓதிக் கற்பது. தன் குடும்பத்துக்கு உரிய வேதக் கிளையை நாள்தோறும் வாய்விட்டு ஓதுவதற்குத்தான் இந்தப் பெயர். ‘தனது’ என்பது பாடத்தைக் குறிக்கிறது. ஓதுகிறவரின் மனத்தைக் கிளறிப் பார்ப்பதற்கு இதில் இடமே இல்லை.

யோக நூலில் பொருள் வேறு என்பார்கள். சரி, அதையும் பார்ப்போம். பதஞ்சலியின் யோக சூத்திரம் 2.1 தவத்தோடு இதையும் சேர்த்துச் சொல்கிறது. அங்கே அந்நூலின் பழைய உரையான வியாச உரை தரும் பொருள், பிரணவம் (ஓம்) முதலான மந்திரங்களை உருவேற்றுவது அல்லது வீடுபேற்று நூல்களைக் கற்பது. தன்னை அறிவது இதன் பயனாக வரலாம். பயனைப் பெயராக வைத்தால் செய்யவேண்டிய காரியம் மறைந்துவிடுகிறது. சிலர் எழுதும் ‘சுயகல்வி’ இன்னும் மோசம். ஆசிரியர் இல்லாமல் படிப்பது என்றல்லவா ஆகிறது? குருவின் வாய் கேட்டுக் கற்றதைத்தான் இங்கே ஓதுகிறோம்.

எனக்குப் பெரிய வருத்தம் வேறு. வேத நூலான சதபத பிராமணம், நாள்தோறும் செய்யவேண்டிய ஐந்து மகாயக்ஞங்களில் (பெருவேள்விகளில்) ஒன்றாக இதை வைக்கிறது. பிறக்கும்போதே முனிவர், தேவர், முன்னோர் மூவருக்கும் கடன்படுகிறோம் என்கிறது இன்னொரு வேத நூலான தைத்திரீய சம்ஹிதை. முனிவர் கடன் ஓதுவதால்தான் தீரும். என் தாத்தா ஓதி முடித்ததும் பஞ்சபாத்திரம் என்ற பூசைக் கிண்ணத்திலிருந்து உத்தரணி என்ற சிறு கரண்டியால் நீர் எடுத்து முனிவர்கள் பெயரைச் சொல்லி விடுவார். அவசரமான நாளில் ஒரே ஒரு ரிக், அதாவது ஒரு வேதச் செய்யுள்; அதுவே போதும் என்று தைத்திரீய ஆரண்யகம் சொல்கிறது. ‘தன்னாய்வு’ என்று எழுதியவுடன் அந்த நீரும் நன்றியும் எங்கே போயின?

தமிழில் சொல் இல்லையா என்ன? ‘ஓதல் பகையே தூதிவை பிரிவே’ என்கிறது தொல்காப்பியம். குறள் 134 வேதத்தையே ‘ஓத்து’ என்கிறது. தேவாரம் பாடுகிறவர் ஓதுவார். முஸ்லிம்கள் குர்ஆன் ஓதுகிறார்கள். அன்றாட ஓதல் என்று எழுதினால் யாருக்குப் புரியாது? ஆங்கிலத்திலிருந்து மட்டும் பெயர்க்கிறவர்கள் மூலச் சொல்லைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. இப்படித்தான் ‘offering’ என்பதைப் பார்த்துப் படையலையும் ‘சலுகை’ என்று எழுதிவிடுகிறார்கள்.

அந்தத் தாளில் ‘தன்னாய்வு’ என்பதை அடித்து, மேலே ‘ஓதல்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.