தாளம் வராத பிள்ளை என்று யாரைச் சொல்கிறீர்கள்?

போன வாரம் அம்மாபேட்டையிலிருந்து ஓர் அம்மா ஒன்பது வயது மகளோடு வந்தார். பிள்ளையை நிற்க வைத்துக்கொண்டே, "இவளுக்குத் தாளமே வராதுங்க மாஸ்டர், டான்ஸ் கிளாஸ்ல நிறுத்திட்டாங்க. நாடகமாவது சொல்லிக் குடுங்க" என்றார். இந்த மாதத்தில் இப்படி வருவது மூன்றாவது பிள்ளை.

நடக்கச் சொன்னேன். ஒரே சீராக நடந்தாள். நடைக்கு நாலு எண்ணிக்கைத் 'தகதிமி' சொன்னேன், கால் பிசகவில்லை. மூன்று எண்ணிக்கைத் 'தகிட'வுக்கு மாறியதும் தடுமாறினாள், நாலு சுற்றில் பிடித்துவிட்டாள். வீட்டில் கைத்தறி. அப்பா தறி எப்படி ஓடும் என்றதும், மிதியும் நாடாவும் மாறி மாறி வருவதைக் கைதட்டியே காட்டினாள். இந்தப் பிள்ளைக்கா தாளம் வராது?

தாளம் பிறவியிலேயே வரவேண்டும் என்ற நினைப்புதான் என்னை நோகடிக்கிறது. 1892இல் ஜெனீவா இசைப்பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்த இசைக்கலைஞர் எமில் ஜாக் டால்குரோஸ், இசை இலக்கணம் தெரிந்த மாணவர்களே வாசிக்கும்போது தாளம் தவறுவதைக் கண்டு, நடையிலிருந்தே பாடத்தைத் தொடங்கினார். நம்மிடமும் அந்த வழி உண்டு. வாயில் 'தகதிமி' போன்ற சொற்கட்டு, கையில் தாளம், அப்புறம்தான் காலில் அடவு என்கிற அடிப்படை ஆட்ட அசைவு. அதுவும் முதல் காலம் என்கிற மெதுவான வேகத்தில். இரண்டாம் காலம் அதன் இரு மடங்கு வேகம், மூன்றாம் காலம் நான்கு மடங்கு. நம் பக்கத்துத் தெருக்கூத்துக் குடும்பங்களில் பிள்ளைகள் மிருதங்கத்தின் பக்கத்தில் உட்கார்ந்து விடிய விடியக் கேட்டு வளர்ந்த பிறகே சலங்கை கட்டுகிறார்கள். நாமோ ஆண்டு விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது முழங்காலை மடக்கி நிற்கும் அரைமண்டி, கை, கண், வேகமான பாட்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் ஏற்றுகிறோம். பிள்ளை என்ன செய்யும்?

பக்கத்துப் பிள்ளையின் காலைப் பார்த்துப் பார்த்தே ஆடுகிற பிள்ளையைத் திட்டுவதற்கு முன் காது மருத்துவரிடம் காட்டுங்கள். என்னிடம் வந்த ஒரு பையனுக்கு ஒரு காது சரியாகக் கேட்கவில்லை. இரண்டு வருடம் அவனை மக்கு என்றிருக்கிறார்கள்.

கிரானைட்டிலும் சிமெண்டிலும் தினமும் தட்டவிடாதீர்கள். மண்தரையோ மரத்தரையோ தேடுங்கள். முழங்காலோ குதிகாலோ வலிக்கிறது என்றால், "டான்ஸ்னா வலிக்கத்தான் செய்யும்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள், அன்றைக்கு நிறுத்துங்கள். வலி தொடர்ந்தால் மருத்துவரிடம் போங்கள். குச்சியைக் காட்டி மிரட்டும் வகுப்பு என்றால் மறுநாளே வேறு இடம் பாருங்கள். முக்கியமாக, பிள்ளையின் காதுபட 'தாளம் வராது' என்ற வார்த்தை வேண்டாம். அதைக் கேட்ட பிள்ளை அடுத்த அடியை எடுத்து வைக்கவே பயப்படுகிறது.

அம்மாபேட்டைச் சின்னப் பெண் இனி சனிக்கிழமைதோறும் வருவாள். ஆறு மாதம் நடையும் சொற்கட்டும்தான். அதுவரை சலங்கையைப் பற்றிக் கேட்க வேண்டாம் என்று அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.