கிளாசிக்: தமிழ்ல செவ்வியல்

பழைய படம், பழைய பாட்டு, பழைய நாவல்னு எதப் பார்த்தாலும் கிளாசிக்னு சொல்லிடுறோம், ஆனா இந்தச் சொல்லு பொறந்த கதை பழமையப் பத்தினதே இல்ல, பணத்தப் பத்தினது.

லத்தீன்ல கிளாசிஸ்னா வகுப்பு. பழைய ரோம்ல குடிமக்கள சொத்துக் கணக்குப் பார்த்து அஞ்சு வகுப்பாப் பிரிச்சிருந்தாங்க, அதுல மொத வகுப்புக்காரந்தான் கிளாசிகஸ், சொத்துன்னு ஒண்ணும் இல்லாம பெத்த புள்ளைங்கள மட்டுமே கணக்குல காட்ட முடிஞ்சவன் புரோலிடேரியஸ், நாம பாட்டாளின்னு சொல்றோமே, அதுக்கான இங்கிலீஷ் சொல்லு புரோலிடேரியட்டுக்கு மூலம் அதுதான். கி.பி. 2ஆம் நூற்றாண்டுல ஆலஸ் கெல்லியஸ்ங்கிற ரோமானிய எழுத்தாளர் எழுதின புத்தகத்துல தரமான எழுத்தாளருக்கு கிளாசிகஸ், மத்தவனுக்கு புரோலிடேரியஸ்னு வருது. பணக்கார வகுப்போட பேரு இலக்கியத்துக்கு வந்தது அப்படித்தான்.

இந்தக் கணக்குப்படி பார்த்தா இங்கிலீஷ் நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் கிளாசிக்கே இல்ல! 1824ல அப்பா கடனுக்காக ஜெயிலுக்குப் போக, 12 வயசுல ஷூ பாலிஷ் டப்பாவுக்கு லேபிள் ஒட்டின பையன் அவர். 1859ல ரெண்டு பென்னி விலைக்கு வித்த வாரப் பத்திரிகையில தொடராத்தான் பிரெஞ்சுப் புரட்சியப் பத்தின 'இரு நகரங்களின் கதை' நாவல எழுதினாரு. ரொம்ப நல்ல காலம், ரொம்ப மோசமான காலம்னு ஆரம்பிக்குமே, அதே பத்தியில கதை ஆரம்பிக்கிற அந்த 1775ம் நம்ம காலம் மாதிரியேதான் இருந்துச்சுன்னும் எழுதியிருக்காரு, அத யாரும் பெருசா கவனிக்கிறதில்ல. பாரிஸ் தெருவுல பிரபுவோட வண்டி ஏறி ஒரு குழந்தை செத்துப்போகுது, அந்த ஆளு தகப்பன் முன்னாடி ஒரு தங்கக் காசத் தூக்கிப் போட்டுட்டுக் கிளம்புறான், அந்தக் காசு திரும்பப் பறந்து வந்து வண்டிக்குள்ளயே விழுது. படிக்கிறப்ப நமக்கும் ரத்தம் கொதிக்கும். ஆனா அதே சனம் புரட்சியில ஜெயிச்சு வந்தப்புறம் ஒரு பாவமும் அறியாத தையல்காரப் பொண்ண தலைய வெட்டுற கில்லட்டின் மெஷினுக்கு அனுப்புது. டிக்கன்ஸ் ரெண்டயும் மறைக்கல. புரட்சியோ கலவரமோ எங்க நடந்தாலும் யாராவது இந்த நாவல எடுத்துப் பேசுறது அதனாலதான்னு நான் நினைக்கிறேன்.

தமிழ்ல இதுக்கு செவ்வியல்னு சொல்றோம். செம்மை + இயல். செம்மைன்னா நேர்மை, கோணலில்லாத தன்மை, இதுல சொத்துக் கணக்கு ஏதும் இல்ல, எனக்கு மூலச்சொல்ல விட இதுதான் பொருத்தமாப் படுது. புறநானூறு 194ஆம் பாட்டப் பாருங்க, பக்குடுக்கை நன்கணியார் பாடினது: "ஓரில் நெய்தல் கறங்க, ஓரில் ஈர்ந்தண் முழவின் பாணி ததும்ப". ஒரு வீட்டுல சாப்பறை, இன்னொரு வீட்டுல கல்யாண மேளம். இப்படி ஒரு உலகத்தப் படைச்சவன் பண்பில்லாதவன்னு நேராவே திட்டிட்டு, உலகம் கொடியதுதான், அதோட இயல்பு தெரிஞ்சவங்க இனியதப் பாருங்கன்னு முடிக்கிறாரு. ஒரே தெருவுல எழவும் கல்யாணமும் இன்னிக்கும் நடக்குது, இந்தப் பாட்டுக்கு எப்படிங்க வயசாகும்?

பயன்பாட்டுல ஒண்ணு கவனிங்க. மொழிக்குத்தான் செம்மொழி, 2004ல தமிழுக்குக் கெடச்சது அந்தத் தகுதி. நாவல், இசை, நடனம்னா செவ்வியல் நாவல், செவ்வியல் இசைன்னு போடலாம். காவியம்னு மட்டும் போடாதீங்க, அது நீண்ட கதைச் செய்யுளோட பேரு, ஏழு வரிப் புறப்பாட்டு செவ்வியல்தான், ஆனா காவியம் ஆகாது.