கொலைப்பழி விழுந்த வக்கீலும் படத்தில் வராத முதல் நாட்களும்

கொலைப்பழி விழுந்த வக்கீல், கறுப்பு அங்கியோடு தனக்காகத் தானே வாதாடும் படங்களை நானும் ரசித்துத்தான் பார்க்கிறேன். கடைசி ரீலில் குறுக்கு விசாரணையிலேயே ஒரு சாட்சியை மடக்கி, உண்மையைக் கக்க வைத்துவிடுவார். கிரிமினல் வழக்கு நடத்துகிறவனாக எனக்கு அதில் ஒரே குறைதான். ஜெயிப்பது தோற்பது எல்லாமே கோர்ட்டில் நடப்பதாகக் காட்டுகிறார்கள். கொலை வழக்கில் சாட்சி விசாரணை தொடங்கவே வருஷங்கள் ஆகலாம். ஆள் பிடிபட்ட முதல் சில நாட்களிலேயே பாதி வழக்கு முடிவாகிவிடும்.

"சும்மா விசாரணைக்குத்தான், அனுப்பிடுவோம்" என்று சொல்லித்தான் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போவார்கள். கைது செய்தால், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். சரி, அந்தக் கணக்கு எப்போது தொடங்கியது? செவ்வாய்க்கிழமை கூட்டிப்போனவரை வெள்ளிக்கிழமை பஸ் ஸ்டாண்டில் பிடித்ததாகக் காகிதம் சொன்னால் என்ன செய்வது? அதனால்தான் அந்தக் கால சீனியர்கள், அழுதுகொண்டு வரும் வீட்டாரிடம் முதலில் "போய் தந்தி அடி" என்பார்கள். கலெக்டருக்கு, எஸ்.பி.க்கு, மாஜிஸ்திரேட்டுக்கு. அதிலுள்ள தேதியையும் நேரத்தையும் பின்னால் யாரும் மாற்ற முடியாது. 2013 ஜூலையோடு தந்தி சேவை நின்றுபோனது. இப்போது மின்னஞ்சலும் ஸ்பீட் போஸ்ட்டும் அந்த வேலையைச் செய்யும். எந்த ஸ்டேஷன், எத்தனை மணிக்கு, யார் வந்து கூட்டிப்போனார்கள் என்று மூன்று வரி எழுதினால் போதும்.

அப்புறம் கையெழுத்து. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்பது படத்து வக்கீலுக்குத் தெரியும். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 23-வது பிரிவு அதைத்தான் சொல்கிறது. ஆனால் அந்தப் பிரிவுக்கு ஒரு வால் உண்டு. "என்னை அழைத்துச் சென்றால் கத்தியை மறைத்து வைத்த இடத்தை அடையாளம் காட்டுகிறேன்" என்று சொல்லி, கத்தியும் அங்கே கிடைத்துவிட்டால், அந்தப் பகுதி மட்டும் சாட்சியமாகிவிடும். குற்றப்பத்திரிகைக் கட்டுகளைப் புரட்டினால் இந்த வரி அச்சு மாறாமல் வந்துகொண்டே இருக்கும். கீழே விஏஓவும் (கிராம நிர்வாக அலுவலர்) அவருடைய உதவியாளரும் சாட்சிக் கையெழுத்து போட்டிருப்பார்கள். சில கட்டுகளில், குற்றவாளி முன்பின் பழக்கமில்லாத விஏஓவைத் தேடிப்போய் செய்ததை மனம்விட்டு ஒப்புக்கொண்டதாகவும் இருக்கும். இதைக் கோர்ட்டுகளே பலமுறை சந்தேகத்தோடுதான் பார்த்திருக்கின்றன.

எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அரசியலமைப்புச் சட்டத்தின் 20(3). விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கவும் உரிமை உண்டு. முழு நேரமும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க முடியாது, அவ்வளவுதான். கையெழுத்தை மிரட்டியோ அடித்தோ வாங்கியிருந்தால், ரிமாண்டுக்கு நிறுத்தும்போதே மாஜிஸ்திரேட்டிடம் சொல்லிவிடுங்கள். பெரும்பாலானவர்கள் பயத்தில் "ஒண்ணும் இல்லைங்கய்யா" என்று தலையாட்டிவிடுகிறார்கள். வருஷங்கள் கழித்து நாங்கள் அதைச் சொன்னால், அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்பதுதான் முதல் கேள்வியாக வரும்.

சம்பவ நேரத்தில் தான் வேறிடத்தில் இருந்ததாகச் சொல்கிறவர்தான் அதை நிரூபிக்கவும் வேண்டும். ஒரு வழக்கில் அதற்கு மருந்துக்கடை கேமரா ஒன்றே போதுமாக இருந்திருக்கும். வீட்டார் ஜாமீனுக்கு அலைந்து முடித்து என்னிடம் வழக்குக் கட்டைக் கொண்டுவந்தபோது இரண்டு மாதம் ஓடியிருந்தது. கடைக்காரர் நல்ல மனுஷர், கேமரா பதிவுப் பெட்டியைத் திறந்தே காட்டினார். மூன்று வாரத்துக்கு முந்தைய பதிவு எதுவும் அதில் இல்லை. பழையதன் மேலேயே புதியது பதிவாகிக்கொண்டிருந்தது. ஆகவே ஜாமீன் மனுவோடு சேர்த்தே, பதிவை அழியாமல் வைக்கும்படி கடைக்காரருக்கும் விசாரணை அதிகாரிக்கும் எழுத்தில் கொடுங்கள், கோர்ட்டிலும் மனுப் போடுங்கள். பென்டிரைவில் நகல் எடுத்தால், மின்னணுப் பதிவுகளுக்கு அதே சாட்சியச் சட்டம் கேட்கும் 63-வது பிரிவுச் சான்றிதழும் கூடவே வேண்டும்.

படங்களில் ஹீரோ தன் வக்கீலிடமே ஒரு விஷயத்தை மறைப்பார். இடைவேளைத் திருப்பத்துக்கு அது தேவை. நிஜத்தில், நடந்துபோனதைப் பற்றி நீங்கள் சொல்வதை உங்கள் சம்மதமில்லாமல் வக்கீல் வெளியே சொல்லக் கூடாது. அதே சாட்சியச் சட்டத்தின் 132-வது பிரிவு அவர் வாயைக் கட்டியிருக்கிறது. கள்ளத்தொடர்போ கடனோ, எதுவாயிருந்தாலும் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லையென்றால் 15100 என்ற சட்ட உதவி எண்ணைக் கூப்பிடலாம், ரிமாண்ட் அன்றைக்கே மாஜிஸ்திரேட்டிடமும் இலவச வக்கீல் கேட்கலாம்.